லேடீஸ் வண்டியும் ஒரு டச்சுக்காரரும்: ஹப் வான் டோர்ன் கதை

ஃபர்ஸ்ட் இயர்ல நான் காலேஜுக்குக் கொண்டுவந்தது அம்மாவோட பழைய ஸ்கூட்டி. ஹாஸ்டல் பார்க்கிங்ல அதுக்கு ஒரே பேருதான்: லேடீஸ் வண்டி. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, முறுக்கினா போகும், அவ்வளவுதான். கியர் போட்டு ஓட்டுறவன்தான் வண்டி ஓட்டுறவன் என்பது நம்ம பசங்களோட எழுதப்படாத சட்டம். நானும் அதை நம்பினேன். செகண்ட் இயர்ல ஒரு கியர் பைக் கிடைச்சதும் அந்த ஸ்கூட்டியை ஊருக்கே திருப்பி அனுப்பிட்டேன்.

அப்புறம் காலம் எப்படிப் பழிவாங்குச்சுன்னா, தேர்ட் இயர்ல எங்க ஆஃப்-ரோடு பக்கி டீம்ல டிரான்ஸ்மிஷன் பொறுப்பை என் தலையில கட்டினாங்க. சுமார் 10 எச்.பி. எஞ்சின், லேசான டியூப் சேசிஸ், ரப்பர் பெல்ட் போட்ட சி.வி.டி. அதாவது அந்த ஸ்கூட்டியில இருந்த அதே சமாச்சாரம். முதல் மேடு ஏறும்போதே கருகின ரப்பர் வாசனை வந்துச்சு. பெல்ட் காலி. டீம் மீட்டிங்ல நான் எழுந்து நின்னு சொன்ன காரணம் இதுதான்: வண்டி லேசு, எஞ்சினுக்குப் பவர் ஜாஸ்தி, பெல்ட் தாங்கலை.

தப்பான பதில். அது ஏன் தப்புன்னு எனக்குப் புரியவெச்சவர் எங்க காலேஜ்ல இல்லை. அவர் 1979-லேயே இறந்துபோன ஒரு டச்சுக்காரர். பேரு ஹப் வான் டோர்ன். இந்தக் கட்டுரை அவரோட கதை.

கொல்லன் பட்டறைப் பையன்

ஹூபெர்டஸ் யோசபஸ் வான் டோர்ன் பிறந்தது 1900-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி. நூற்றாண்டின் எண்ணும் அவர் வயதும் ஒன்றாகவே நகர்ந்தன, அதனால் அவர் கதையில் தேதிக் கணக்கு ரொம்ப ஈஸி. பிறந்த ஊரின் பெயர் அமெரிக்கா. ஆமாம், நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் அப்படி ஒரு குட்டி கிராமம் இருக்கிறது. அப்பா கொல்லர். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பையனுக்குச் சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். நமக்கு இருப்பது மாதிரி நாலு வருஷ டிகிரி, லேப், ரெக்கார்டு நோட் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. பட்டறைகளில் வேலை பார்த்துத்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது ஒரு ரிப்பேர் வேலை. ஐந்தோவன் நகரத்தில் ஹுயங்கஸ் என்ற மதுபான ஆலை முதலாளி இருந்தார். அவருடைய கார் தகராறு செய்தபோது வான் டோர்ன் அதைச் சரிசெய்து கொடுத்தார். கை வேலையைப் பார்த்து அசந்துபோன முதலாளி பணமும் இடமும் தந்தார். 1928 ஏப்ரல் 1 அன்று, அந்த ஆலை வளாகத்திலேயே ஒரு சின்னப் பட்டறை திறக்கப்பட்டது. தம்பி விம் வான் டோர்னும் சேர்ந்துகொண்டார். அண்ணனுக்கு மெஷின், தம்பிக்குக் கணக்கு வழக்கு. இந்தப் பாகப்பிரிவினை கடைசி வரை நன்றாகவே ஓடியது.

வெல்டிங், இரும்பு வேலை என்று ஆரம்பித்தவர்கள் 1932-இல் லாரிகளுக்கு டிரெய்லர் செய்வதில் இறங்கினார்கள். கம்பெனிக்கு வான் டோர்ன் டிரெய்லர் தொழிற்சாலை என்ற பொருளில் டச்சு மொழியில் பெயர் வைத்தார்கள். அதன் முதல் எழுத்துகள்தான் டாஃப். இன்றைக்கும் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் ஓடும் டாஃப் லாரிகளின் ஆரம்பம் இதுதான்.

அந்த டிரெய்லர்களைத் தனித்துக் காட்டியது எடை. ரிவெட் அடிப்பதற்குப் பதிலாக வெல்டிங் செய்ததால் சேசிஸ் லேசானது. சொந்த எடையில் மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் சரக்கு ஏற்றக் கிடைக்கும் கிலோ. எடையைக் குறைப்பதில் அவருக்கு இருந்த இந்தப் பிடிவாதத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் அவர் தனக்காக ஒரு ஆள் மட்டும் உட்காரும் மூன்று சக்கரக் குட்டிக் கார் ஒன்றைச் செய்துகொண்டார். அதற்கு ஓடும் மழைக்கோட்டு என்று பட்டப்பெயர். மழையில் நனையாமல் போக ஒரு கோட்டு எவ்வளவு இடம் எடுக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அந்த வண்டியும். சின்னதாக, லேசாக ஒரு கார் செய்ய முடியும் என்ற எண்ணம் அப்போதே அவருக்குள் விழுந்துவிட்டது.

கியர் எதுக்கு?

1949-இல் டாஃப் சொந்தமாக லாரி தயாரிக்க ஆரம்பித்தது. போருக்குப் பிறகு நாடே புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது, லாரி வியாபாரம் சூடுபிடித்தது. ஐம்பதுகளின் நடுவில் அண்ணன் தம்பி இருவரும் காரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஹப் வான் டோர்ன் அந்தக் கேள்விக்கு வந்தார்: சாதாரண மனிதர் ஓட்டும் சின்ன காருக்குக் கிளட்சும் கியர் குச்சியும் எதற்கு?

அமெரிக்காவில் (நிஜ அமெரிக்காவில்) ஆட்டோமேட்டிக் கார்கள் அப்போதே நிறைய ஓடின. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் 1940 மாடல் கார்களிலேயே வந்துவிட்டது. ஆனால் அவை பெரிய எஞ்சினுக்கான பெட்டிகள். எண்ணெயைச் சுழற்றி விசையைக் கடத்தும்போது வீணாகும் பவரைப் பெரிய வி-8 எஞ்சின் பொருட்படுத்தாது. 20 எச்.பி. எஞ்சினுக்கு அதே இழப்பு வந்தால் வண்டி நகரவே யோசிக்கும். போதாததற்கு அந்தப் பெட்டியின் எடை வேறு. சின்ன காருக்கு வேறு வழி வேண்டும்.

அவர் எடுத்த வழி வி-பெல்ட். சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு கூம்புகளால் ஆனது. கூம்புகள் நெருங்கினால் பெல்ட் வெளிப்பக்கமாக ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். எஞ்சின் பக்கப் புல்லியில் பெல்ட் உள்ளேயும் சக்கரப் பக்கப் புல்லியில் வெளியேயும் இருந்தால் அது ஃபர்ஸ்ட் கியர் மாதிரி. மாறி இருந்தால் டாப் கியர் மாதிரி. இரண்டுக்கும் நடுவில் எத்தனை கியர்? எண்ணவே முடியாது, ஏன்னா படியே கிடையாது, சரிவுதான்.

ஐடியா அவருடையது மட்டும் இல்லை. முதல் உலகப் போருக்கு முன்பே இங்கிலாந்தில் ரட்ஜ் மல்டி, ஜெனித் கிராடுவா போன்ற மோட்டார் சைக்கிள்கள் விட்டம் மாறும் புல்லியோடு ஓடின. மலையேற்றப் போட்டிகளில் ஜெனித்துக்கு இது நியாயமில்லாத சாதகம் என்று சில போட்டிகளில் அதைத் தடையே செய்தார்கள். ஜெனித்காரர்கள் தடைசெய்யப்பட்டது என்ற வார்த்தையையே தங்கள் விளம்பரச் சின்னமாக்கிக்கொண்டார்கள். செம கெத்து, இல்லையா? ஆனால் அந்த வண்டிகளில் ஓட்டுபவர்தான் நெம்புகோலைத் தள்ளி விகிதத்தை மாற்ற வேண்டும். வான் டோர்ன் செய்தது, அந்த வேலையை வண்டியிடமே ஒப்படைத்தது.

எஞ்சின் வேகம் கூடினால் புல்லிக்குள் இருக்கும் எடைக்கட்டிகள் மையவிலக்கு விசையால் வெளியே நகர்ந்து கூம்புகளை நெருக்கும். அதோடு எஞ்சின் இன்லெட்டில் உருவாகும் வெற்றிடத்தையும் அவர் பயன்படுத்தினார். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் வெற்றிடம் அதிகம், பெல்ட் சீக்கிரம் டாப் பக்கம் போகும். அழுத்தி மிதித்தால் வெற்றிடம் குறையும், பெல்ட் கீழ் விகிதத்திலேயே நின்று எஞ்சினை முழு வேகத்தில் உழைக்கவிடும். ஒரு சென்சார் கிடையாது, ஒரு வரி கோடு கிடையாது. வெறும் எடையும் காற்றும்தான். நம்ம ஸ்கூட்டரில் இன்றைக்கும் உருளைகள் செய்வது இதில் முதல் பாதி வேலையைத்தான்.

கிண்டலில் மாட்டிய கார்

1958 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் டாஃப் 600 அறிமுகமானது. 590 சி.சி., காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர் எஞ்சின், 22 எச்.பி. காரின் எடை சுமார் 600 கிலோ. முன்னால் எஞ்சின், பின்னால் இரண்டு பெல்ட், இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. டிஃபரன்ஷியல் கியரே கிடையாது, வளைவில் இரண்டு பெல்ட்டும் தங்களுக்குள் விகிதத்தை மாற்றிக்கொண்டு சமாளித்துவிடும். இந்த அமைப்புக்கு வேரியோமேட்டிக் என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் பெரும் எண்ணிக்கையில் தயாரான முதல் சி.வி.டி. கார் இதுதான். உற்பத்தி 1959-இல் தொடங்கியது.

டச்சு மக்கள் வாங்கினார்கள். குறிப்பாக அதுவரை கார் ஓட்டப் பயந்தவர்கள் வாங்கினார்கள். வயதானவர்கள், கால் ஊனமுற்றவர்கள், வீட்டுப் பெண்கள், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள். ஒரு எஞ்சினியருக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேணும்? ஆனால் அதுவே காருக்கு வினையாகவும் போச்சு. டாஃப் என்றால் கிழவர்கள் கார், பயந்தாங்கொள்ளி கார் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னொரு வேடிக்கை: வேரியோமேட்டிக்குக்கு ரிவர்ஸ் என்பது சுற்றும் திசை மட்டும்தான், விகிதம் எல்லாம் அதேதான். அதனால் முன்னால் போகும் வேகத்துக்கே பின்னாலும் போகும். பிற்காலத்தில் டச்சு டிவியில் பழைய டாஃப் கார்களை வைத்து ரிவர்ஸ் ரேஸ் நடத்தி மக்களைச் சிரிக்கவைத்தார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரலை. ஹாஸ்டல் பார்க்கிங்தான் ஞாபகம் வந்துச்சு. ஊர் வேற, காலம் வேற, கிண்டல் மட்டும் ஒண்ணுதான்.

ரேஸ் டிராக்கில் ரப்பர் பெல்ட்

1965-இல் ஹப் வான் டோர்ன் கம்பெனிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அதே காலத்தில் டாஃப் கம்பெனி ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. இந்தப் பெல்ட் கிழவர்களுக்கு மட்டும் இல்லை என்று காட்ட, அதை ஃபார்முலா 3 ரேஸ் காரில் மாட்டினார்கள்.

அன்றைய ஃபார்முலா 3 விதிப்படி எஞ்சின் 1 லிட்டர், காரின் குறைந்தபட்ச எடை 400 கிலோ. எஞ்சின்கள் 9,000 ஆர்.பி.எம்-க்கு மேல் கத்தி, சுமார் 100 எச்.பி. கொடுத்தன. யோசித்துப் பாருங்கள்: டாஃப் 600-ஐவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு, பவர் நாலு மடங்குக்கு மேல். ரப்பர் பெல்ட் முதல் வளைவிலேயே பொசுங்கிவிடும் என்றுதானே தோன்றும்? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனால் 1967-இல் மைக் பெக்வித்தும் ஹைஸ் வான் லென்னப்பும் அந்தக் கார்களை ஐரோப்பிய டிராக்குகளில் நிஜமாகவே ரேஸ் ஓட்டினார்கள். இந்த வான் லென்னப் பிறகு 1971-லும் 1976-லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர்.

எப்படித் தாங்குச்சு? இங்கேதான் நான் டீம் மீட்டிங்ல சொன்ன பதில் உடையுது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பவர் என்பது டார்க்கையும் சுழலும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. 100 எச்.பி. என்றால் சுமார் 75 கிலோவாட். 9,500 ஆர்.பி.எம். என்றால் நொடிக்குச் சுமார் 995 ரேடியன். வகுத்தால் டார்க் வெறும் 75 நியூட்டன் மீட்டர்தான். சாதாரண 1.1 லிட்டர் குடும்ப கார் எஞ்சினிலும் ஏறக்குறைய இதே டார்க்தான் இருக்கும்.

பெல்ட்டுக்குப் பவர் எவ்வளவு என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன்னை எவ்வளவு விசையோடு இழுக்கிறார்கள் என்பதுதான். அந்த விசை, டார்க்கைப் புல்லியின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒரு பேச்சுக்கு ஆரம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 நியூட்டன் மீட்டருக்கு விசை 1,500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ எடை தொங்குவது மாதிரி. பெல்ட் 10 செ.மீ. ஆரத்துக்கு ஏறிவிட்டால் அது பாதியாகிவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, பெல்ட்டுக்கு உயிர் போகும் நேரம் வண்டி கிளம்பும் நேரம்தான். அப்போதுதான் எஞ்சின் பக்கம் ஆரம் மிகச் சின்னது, பெல்ட் புல்லியைச் சுற்றித் தொடும் நீளமும் குறைவு. இரண்டு, வண்டி லேசாக இருந்தால் இந்த ஆபத்தான நேரம் சீக்கிரம் முடிந்துவிடும். கார் சட்டென்று வேகம் எடுக்கும், பெல்ட் பெரிய ஆரத்துக்கு ஏறிவிடும். ஆக, லேசான கார், வேகமாகச் சுற்றிப் பவர் தரும் எஞ்சின் என்ற ஜோடி பெல்ட்டுக்கு எதிரி இல்லை. அதுதான் பெல்ட்டுக்கு ஏற்ற ஜோடி. ஆட்டோமேட்டிக்கை எஞ்சினோடு பொருத்தும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை எச்.பி. என்பது இல்லை. எவ்வளவு டார்க், எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்பதுதான்.

டிரைவருக்கும் இதில் லாபம் இருந்தது. இந்த மாதிரிச் சின்ன ரேஸ் எஞ்சினில் பவர் மேலே ஒரு குறுகிய ஆர்.பி.எம். எல்லைக்குள்தான் கிடைக்கும். சாதாரண கியர்பாக்ஸில் ஒவ்வொரு முறை கியர் ஏற்றும்போதும் ஆர்.பி.எம். கீழே விழும். பெல்ட்டில் விழவே விழாது. டிரைவர் ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டால் போதும். நஷ்டமும் இருந்தது, மறைக்கக் கூடாது. பற்சக்கரத்தைவிட ரப்பர் பெல்ட்டில் உராய்வு இழப்பு அதிகம், சூடு அதிகம். 100 எச்.பி-யில் சில எச்.பி. போவது ரேஸில் சின்ன விஷயம் இல்லை. டாஃப் ஃபார்முலா 3-ஐ ஆளவில்லை. ஆனால் பெல்ட் தாங்கும் என்பதை எல்லோர் கண் முன்னாலும் காட்டியது.

1968-இல் லண்டன்–சிட்னி மாரத்தான் பந்தயத்தில் டாஃப் 55 கார்களும் ஓடின. ரெனோவின் 1,108 சி.சி. எஞ்சின், அதே வேரியோமேட்டிக். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக டெல்லி, பிறகு பம்பாய், அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா. கிளம்பிய 98 கார்களில் 56 மட்டுமே சிட்னி போய்ச் சேர்ந்தன. ஸ்லோட்மேக்கர், யான்சன் என்ற இருவர் ஓட்டிய டாஃப் 17-ஆவதாக வந்தது. நம்ம ஊர் ரோட்டையும் பார்த்துவிட்டுப் போன பெல்ட் அது!

எடை கூடினபோது

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுபம். ஆனால் கார் வியாபாரம் வேறு மாதிரி. வாங்குபவர்களுக்குப் பெரிய கார் வேண்டும். 1972-இல் ஸ்வீடனின் வால்வோ, டாஃப் கார் பிரிவில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. 1975-இல் பெரும்பான்மை அவர்கள் கைக்குப் போனது. 1976-இல் வந்த வால்வோ 343 டாஃப் வடிவமைத்த கார்தான். 1.4 லிட்டர் எஞ்சின், 70 எச்.பி., கிட்டத்தட்ட ஒரு டன் எடை. ஆரம்பத்தில் வேரியோமேட்டிக்கோடு மட்டுமே விற்றார்கள்.

ஃபார்முலா 3 காரோடு ஒப்பிட்டால் பவர் குறைவு. ஆனால் டார்க் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டியது, எடை இரண்டரை மடங்கு. பெல்ட் பயப்படும் இரண்டும் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அதே பெல்ட் 400 கிலோ ரேஸ் காரில் செய்ததை ஒரு டன் குடும்ப காரில் அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியவில்லை. கார் மந்தமாக இருந்தது, வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு மூன்று வருடத்துக்குள் வால்வோ அதே காரில் சாதாரண கியர்பாக்ஸையும் கொண்டுவந்தது. மக்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

தான் கண்டுபிடித்த ஒன்றை, தன் பெயரில் ஆரம்பித்த கம்பெனியின் காரிலிருந்தே மெல்ல ஒதுக்குவதை எழுபது வயது தாண்டிய ஒரு மனிதர் பார்க்க நேர்ந்தது. நம்மில் பலர் ரிவ்யூவில் ஒரு பேனல் மெம்பர் முகம் சுளித்தாலே புராஜெக்ட்டை மாற்றிவிடுகிறோம்.

இழுக்காதே, தள்ளு

ஆனால் ஹப் வான் டோர்னுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. ரப்பரின் எல்லை அவருக்கு முன்பே தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். ரப்பரைக் கெட்டிப்படுத்துவதை விட்டுவிட்டு அவர் கேள்வியையே மாற்றினார். பெல்ட் ஏன் இழுக்க வேண்டும்? தள்ளினால் என்ன?

கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். கயிற்றைப் பிடித்து இழுக்கலாம், தள்ள முடியுமா? அவர் கண்ட விடை இரும்பில் இருந்தது. நகத்தளவு அகலத்தில் மெல்லிய எஃகுத் தகடுகள், சில நூறு. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக அடுக்கி, இரண்டு பக்கமும் பல அடுக்கு மெல்லிய எஃகு வளையங்களால் கோர்த்துவிட்டார். ஒரு புல்லி தகடுகளை முன்னால் நெட்டும், தகடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய் அடுத்த புல்லியைச் சுழற்றும். வளையங்களின் முக்கிய வேலை அந்த வரிசை வளைந்து சிதறாமல் பிடித்துக்கொள்வது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலை ரயிலில் எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும், பார்த்திருப்பீர்கள். பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு விலகாத வரை தள்ளினாலும் ரயில் போகும். இங்கே தகடுகள்தான் பெட்டிகள், வளையங்கள்தான் தண்டவாளம்.

எஃகு தகட்டை நசுக்குவது ரப்பரை இழுத்து அறுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதனால் கூம்புகளை ஹைட்ராலிக் அழுத்தத்தால் மிகப் பலமாக இறுக்கலாம், எண்ணெயில் ஓடவிட்டுச் சூட்டையும் குறைக்கலாம். இதற்காக 1972-இல் வான் டோர்ன் டிரான்ஸ்மிஷன் என்று தனிக் கம்பெனியே தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 72. (சொன்னேன்ல, கணக்கு ஈஸின்னு.)

ஆனால் தகடுகளையும் வளையங்களையும் லட்சக்கணக்கில் துல்லியமாகச் செய்வது எளிதாக இல்லை. வருடங்கள் ஓடின. 1979 மே 23 அன்று, டர்னே ஊரில் ஹப் வான் டோர்ன் காலமானார். எஃகு பெல்ட் போட்ட ஒரு கார்கூட அன்றைக்குக் கடைக்கு வரவில்லை.

அவர் பார்க்காதவை

1987 வாக்கில் சுபாரு ஜஸ்டி, ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபியட் யூனோ என்று சின்ன கார்களில் அந்தப் பெல்ட் ஓட ஆரம்பித்தது. 1995-இல் அவர் ஆரம்பித்த டிரான்ஸ்மிஷன் கம்பெனியை பாஷ் வாங்கியது. இன்றைக்கு நம் ரோட்டில் ஓடும் பல சி.வி.டி. கார்களுக்குள் இருப்பது அவருடைய அந்தத் தள்ளும் பெல்ட்டின் வாரிசுதான்.

1993-இல் நடந்தது இன்னும் பெரிய கூத்து. வில்லியம்ஸ் அணி தன் ஃபார்முலா 1 காரில் வான் டோர்ன் பெல்ட் சி.வி.டி-யை மாட்டி, டேவிட் கூல்தார்டை ஓட்டவிட்டது. 3.5 லிட்டர் ரெனோ வி-10, 750 எச்.பி-க்கு மேல். அன்றைய விதிப்படி காரின் குறைந்தபட்ச எடை 505 கிலோ. பழைய கணக்கையே போட்டுப் பாருங்கள்: 14,000 ஆர்.பி.எம்-ஐ ஒட்டிச் சுற்றும் எஞ்சினில் டார்க் 400 நியூட்டன் மீட்டருக்குள்தான் வரும். இன்றைய 2 லிட்டர் டீசல் எஸ்.யூ.வி-யே 350 தருகிறது. வளைவிலும் நேர்ச்சாலையிலும் எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே போனது. அது பந்தயத்துக்கு வரவே இல்லை. 1994 விதிகள் சி.வி.டி-யைத் தடை செய்துவிட்டன. ஜெனித் மோட்டார் சைக்கிளுக்கு நடந்த அதே கதை, எண்பது வருடம் கழித்து.

கிழவர்கள் கார் என்று கிண்டலடிக்கப்பட்ட ஒரு ஐடியா, கடைசியில் ஃபார்முலா 1-இல் ஓடவிடாமல் நிறுத்தப்படும் அளவுக்கு வளர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

எங்க பக்கி என்னாச்சு?

எஞ்சினைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுக் கணக்கு போட்டோம். தப்பு பெல்ட்டிலும் இல்லை, எஞ்சினிலும் இல்லை. டாப் ஸ்பீடு ஆசையில் சி.வி.டி-க்குப் பின்னால் இருந்த கியர் ரிடக்‌ஷனை நான்தான் குறைவாக வெச்சிருந்தேன். அதனால் மேட்டில் வண்டி திணறி, பெல்ட் சின்ன ஆரத்திலேயே நின்று வழுக்கிக்கொண்டு இருந்தது. ரிடக்‌ஷனைக் கூட்டினோம். டாப் ஸ்பீடு கொஞ்சம் குறைந்தது. அதே மேட்டில், அதே எஞ்சினோடு, வண்டி ஏறியது. வாசனை வரலை. அடுத்த மீட்டிங்ல எழுந்து நின்னு, போன தடவை சொன்னது தப்புன்னு சொன்னேன். அதுதான் பெல்ட் மாத்துறதைவிடக் கஷ்டமா இருந்துச்சு.

போன லீவுக்கு ஊருக்குப் போனப்ப அம்மாவோட ஸ்கூட்டியின் பெல்ட் கவரைக் கழட்டிப் பார்த்தேன். கூம்பு, உருளை, பெல்ட், எல்லாம் அப்படியே இருந்துச்சு. பல வருஷமா தினமும் ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வந்த வண்டி, ஒரு தடவைகூட நடு ரோட்டுல நின்னதில்லைன்னு அம்மா சொன்னாங்க. தூசியைத் துடைச்சு, கவரை மாட்டி, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தேன். ஜூனியர்ஸ் யாராவது பார்க்கிங்ல லேடீஸ் வண்டின்னு சிரிச்சா, இந்தக் கட்டுரையை ஃபார்வர்டு பண்ணுங்க.